எல்லா வழக்கிலும் உன் எண்

நீ போன நான்காம் நாள் காலையில் உன் கைப்பேசி ஒலித்தது. அழைப்பு இல்லை. குறுஞ்செய்தி வந்தால் கேட்குமே, அந்த ஒற்றை மணி. உன் வீட்டுக் கூடத்தில் ஃபிரிட்ஜுக்கு மேல் அது கிடந்தது. யாரோ பழக்கத்தில் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள். உன் மனைவி அதை எடுத்து, பார்க்காமலே என்னிடம் நீட்டினார்.

"என்னான்னு பாருங்கண்ணா. என்னால அதைப் பாக்க முடியல."

நீதிமன்றத்திலிருந்து வந்த செய்தி. போனைத் திறக்கும் எண் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, பூட்டிய திரையில் அது மட்டும் தெரிந்தது. ஆங்கிலத்தில் ஒரு வழக்கு எண், வாதியின் பெயர் பூங்கொடி, ஆரணி உரிமையியல் நீதிமன்றம், நாளைய தேதி. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னிடம் உடனே சொல்ல வேண்டும் என்று என் கைப்பேசியை எடுத்து உன் பெயரை அழுத்தினேன். என் இடது கையிலிருந்த உன் போன் அதிர்ந்தது. திரையில் 'வாத்தியார்' என்று என் பெயர் எரிந்தது. இரண்டு கையிலும் இரண்டு போனுடன் கூடத்தின் நடுவே நின்றேன். வியாழக்கிழமை காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நீ சரிந்துவிட்டாய் என்று சொன்னபோதோ, சுடுகாட்டிலோ எனக்குள் இறங்காத ஒன்று அந்த நொடியில் இறங்கியது.

நீதிமன்றத்துக்கு எதிரே உன் அலுவலகத்தை ஒட்டிய அறையில் தொழில் செய்கிற வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். எண்ணைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாளைக்கு வாதி சாட்சி சொல்லணும் சார். கூப்பிடும்போது யாரும் நிக்கலைன்னா வழக்கு தள்ளுபடி ஆயிடும். தடை உத்தரவும் கூடவே போயிடும். அப்புறம் மனு போட்டு மீட்கலாம், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்குள்ள அந்தம்மாவோட கொழுந்தன் வீட்டை வித்துட்டா? ஜல்தியா ஆளைப் பிடிங்க. கேஸ் கட்டுல போன் நம்பர் இருக்கும் பாருங்க."

உன் அலுவலகச் சாவி உன் வீட்டு ஆணியில் தொங்கியது. போய்த் திறந்தேன். பூங்கொடியின் கட்டை எடுக்கச் சிரமமே இல்லை. எல்லாம் வழக்கு எண் வரிசையில், நீ அடுக்கியபடி இருந்தது. கட்டைப் பிரித்து, 'கட்சிக்காரர் கைப்பேசி எண்' என்ற கட்டத்தைப் பார்த்தேன். உன் எண் இருந்தது. அடுத்த கட்டைப் பிரித்தேன். உன் எண். அதற்கடுத்ததிலும் உன் எண். நடப்பில் இருந்த நாற்பத்தொரு கட்டிலும் உன் எண்தான். எழுதியிருந்த கை என்னுடையது.

நினைவிருக்கிறதா? நீதிமன்றத்தில் வழக்கைக் கணினி வழியாகத் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் வந்தபோது உன் வயதுக்காரர்கள் பாதிப்பேர் தொழிலையே விட்டுவிடலாம் என்று பேசினார்கள். நீ வேலூர் போய் ஸ்கேனர் வாங்கி வந்தாய். நான் ஓய்வுபெற்றுச் சும்மா இருந்தேன். "வாத்தியாரே, உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. சாயங்காலம் வந்து படிவம் எழுதிக் குடேன். டீ நான் வாங்கித் தரேன்" என்று கூப்பிட்டாய். ஆறே மாதத்தில் இளம் வக்கீல்கள் உன்னிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்கு நீ சொன்னவை எனக்கு மனப்பாடம். "கட்டை முதல்ல படி, கட்சிக்காரர் மூஞ்சியை அப்புறம் படி." "கெட்ட சேதியா? அன்னிக்கே சொல்லு. ஊறப்போட்டா நாறும்." பேசி முடித்ததும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவாய். "மொத்த ஆபீசும் இதுல இருக்கு. நான் எங்க இருக்கேனோ அங்கதான் ஆபீசு."

முதல் படிவத்தில் அந்தக் கட்டம் வந்ததும் நான்தான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ யோசிக்கவே இல்லை. "தறியில உக்காந்துகினு இருக்கிற சனம்டா. இங்கிலீஷ்ல மெசேஜ் போனா பயந்து பேஜாராயிடும். வேலையை விட்டுட்டு இங்க ஓடியாரும். என் நம்பரையே போடு. வாய்தா வந்தா நான் கூப்பிட்டுச் சொல்லிக்கிறேன்." எவ்வளவு கரிசனம் என்று நினைத்தேன். அன்று இரவு சாப்பாட்டின்போது என் மனைவியிடம்கூட உன்னைப் புகழ்ந்தேன்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்துக்கு ஒரே சாவி இருந்தது. ஆய்வக உதவியாளர் அதை இடுப்பிலேயே வைத்திருப்பார். பொறுப்பான மனிதர், முப்பது வருடத்தில் ஒரு பொருள் தொலைந்ததில்லை. அவர் வெம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்த அன்று செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் பூட்டை உடைத்தோம். அவருடைய பொறுப்புதான் அன்று எங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. இந்தக் கதையை உன்னிடம் பத்துத் தடவையாவது சொல்லிச் சிரித்திருப்பேன். சிரித்துக்கொண்டே உன் எண்ணை நாற்பத்தொரு தடவை எழுதியிருக்கிறேன்.

வழக்குக் கட்டில் இருந்த முகவரி சேத்துப்பட்டு சாலையில் உள்ள ஒரு கிராமம். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வீட்டின் முன்பாதி முழுக்கத் தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள் பூங்கொடி, நாற்பது வயதுக்குள் இருக்கும். வழக்கே இந்த இடத்துக்காகத்தான். கணவன் இறந்தபிறகு, வீடு தன் பங்கு என்று கொழுந்தன் விற்கப் பார்க்கிறான். தறியைக் கழற்றிக்கொண்டு போகலாம், குழியை எங்கே எடுத்துப்போவது என்று நீ வாதாடித்தான் தடை வாங்கினாய். அந்த வாதத்தை அன்று மாலையே எனக்கு நடித்துக் காட்டினாய்.

"வக்கீல் சார் அனுப்பினாரா? வாங்க சார், உக்காருங்க" என்றாள். என்னை உன் அலுவலகத்தில் பார்த்த ஞாபகம் அவளுக்கு இருந்தது.

அவளுக்குத் தெரியாது. ஆரணியில் இரண்டு தெரு முழுக்க உனக்குக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. சொன்னேன். கையிலிருந்த நெசவு நாடாவை அப்படியே மடியில் வைத்தாள்.

"இன்னா சார் சொல்றீங்க? போன வாரம்தானே பேசினாரு. வாய்தா வந்தா நானே கூப்பிடுறேன், நீ நெய்ம்மான்னு சொன்னாரு. கூப்பிடலியே, அப்ப வாய்தா இல்லன்னு நான் பாட்டுக்கு இருந்துகினு இருக்கேன்."

"வாய்தா நாளைக்கும்மா."

அவள் பதில் சொல்வதற்குள் தறிக் கட்டையில் சாய்த்து வைத்திருந்த ஒரு கைப்பேசி மின்னியது. எடுத்துப் பார்த்து, ஏதோ தட்டி, வைத்துவிட்டாள். "பெங்களூர் அம்மா சார். பார்டர் போட்டோ கேக்குறாங்க. மூணு வருசமா எனக்கு வியாபாரமே இதுலதான். அவங்க இங்கிலீஷ்ல போடுவாங்க, நான் தமிழ்ல போடுவேன்."

நண்பா, நீயும் நானும் யாரை மனதில் வைத்து அந்தக் கட்டத்தை நிரப்பினோம்?

"மெசேஜ் பாக்கத் தெரியும்னு வக்கீல் சார்கிட்ட சொன்னதில்லையாம்மா?"

"அவர் கேக்கலியே சார். பெரியவரு, அவரா பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன்."

மறுநாள் பத்தரைக்கு அவள் நீதிமன்றத்தில் இருந்தாள். வழக்கைக் கூப்பிட்டதும் வக்கீலம்மா எழுந்து நீ காலமான செய்தியைச் சொன்னார். வாதி வந்திருக்கிறாரா என்று நீதிபதி கேட்டார். பூங்கொடி கையைத் தூக்கினாள். "வந்திருக்கேன் ஐயா. அவர் செத்தது நேத்துதான் எனக்குத் தெரியும். என் கேஸை விட்றாதீங்க ஐயா." எதிர்த்தரப்பு வக்கீல், வருடக்கணக்காக உன்னோடு மல்லுக்கு நின்றவர், ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றார். புது வக்காலத்துக்கு மூன்று வாரம் கிடைத்தது. தடை நீடித்தது.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மாவின் முகம் சரியாக இல்லை. கேட்டேன்.

"நானும் இதையேதான் பண்ணி வெச்சிருக்கேன் சார். என் நம்பர்தான் எல்லாத்துலயும். இந்த வராந்தாவுல பாதிப்பேர் அப்படித்தான். அவருதானே எங்களுக்குக் கத்துக்குடுத்தாரு. 'கட்சிக்காரரை அலைய விடாதே'ன்னு."

நீ நல்லதாக நினைத்துச் சொன்னதை அத்தனை பேரும் நல்லதாகவே நினைத்துச் செய்திருக்கிறார்கள். இன்று அவர்களில் யார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறாரோ. வக்கீலம்மா ஒரு தாளை எடுத்து எழுதினார். கட்சிக்காரர் பெயர், அவருடைய சொந்த எண், அவருக்கு உதவக்கூடிய இன்னொருவர் எண், அடுத்த வாய்தா, தான் வர முடியாவிட்டால் எந்த வக்கீல் நிற்பார். இந்தத் தாளில் ஒரு பிரதி அலுவலகத்தில், ஒரு பிரதி அந்த இன்னொரு வக்கீலிடம். அவ்வளவுதான் விஷயம். ஸ்கேனர் வாங்க வேலூர் வரை போனவனே, இதற்கு அரைத்தாள் போதுமாக இருந்திருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம். அதைவிட, எழுதுகோலைப் பிடித்திருந்த என்மேல்.

உன் கட்டுகளுக்கு வேறு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். முகவரியை வைத்து நானே போகிறேன். வாய்தா கிட்ட இருக்கிறவர்களிடம் முதலில். படிவத்தை எடுத்து, "உங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்கிறேன். மூச்சுவிடாமல் பத்து இலக்கத்தையும் சொல்கிறார்கள். இதுவரை இரண்டு பேரிடம்தான் போன் இல்லை. ஒருவர் மகள் எண்ணைத் தந்தார், இன்னொருவர் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

ஆனால் எண்ணைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் சிரித்த முகத்தோடு நாற்காலி போடுகிறார்கள். "வக்கீல் சார் எப்படி இருக்காருங்க?" என்கிறார்கள். நான் சொல்கிறேன். அவர்கள் முகம் மாறும்போது, நானும் அவர்களோடு முதல் தடவை கேட்கிறேன். நேற்றுவரை பத்தொன்பது வீடு முடிந்தது. இன்னும் இருபத்திரண்டு வீட்டில் நீ உயிரோடுதான் இருக்கிறாய்.