உங்களைத் தெரியாத குதிரை

இன்று காலை கொள்ளு வேகவைத்தேன். குதிரைக்கு இல்லை, எனக்குத்தான். இரண்டு நாளாகச் சளி, ரசம் வைத்துக் குடிக்கலாமே என்று நினைத்தேன். கைப்பழக்கத்தைப் பாருங்கள், பெரிய அலுமினியப் பானையை அடுப்பில் ஏற்றி, அது நிறையக் கொள்ளைக் கொட்டி, உப்புக்கூடப் போடாமல் வேகவிட்டிருக்கிறேன். வாசனை வீடு முழுக்கப் பரவிய பிறகுதான் புத்தி வந்தது. பின்னால் கொட்டிலில் தின்ன யாரும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால், "ஏன் டீச்சர், ஊருக்கே ரசமா?" என்று கேட்டிருப்பீர்கள். கட்டிய நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனுஷர். அடுப்பை அணைத்தேன்.

நம் குதிரை சம்மனசு போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்ல இத்தனை நாளாக எனக்கு மனம் வரவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பித்தானே அவளை விட்டுவிட்டுப் போனீர்கள். அன்று காலை தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் வயிறு உப்பி, படுப்பதும் எழுவதுமாகத் தவித்தாள். திண்டுக்கல்லிலிருந்து கால்நடை டாக்டர் கொட்டும் மழையில் வந்து, ஊசி போட்டு, குழாய் விட்டு, தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். சாயங்காலம் என் மடியில் தலையை வைத்தபடியே அடங்கிவிட்டாள். பக்கத்துத் தோட்டத்துச் சவரிமுத்து அண்ணன் பொக்லைன் கூட்டிவந்து, வீட்டுக்குப் பின்னால் குழி எடுத்துப் புதைத்துக் கொடுத்தார். எனக்கு அழுகைகூட உடனே வரவில்லை.

நான் குதிரைக்கு அழுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். டவுனில் பிறந்து, பள்ளிக்கூடத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல், உங்கள் அடிவாரத்து வீட்டுக்கு வாழ வந்தவள் நான். சிறுமலைச் சரிவில் இருக்கும் நம் தோட்டத்துக்கு இன்றுவரை வண்டிப் பாதை கிடையாது. வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில் இறங்கி வந்தால்தான் ரோட்டில் நிற்கும் டெம்போவுக்குப் போகும். நான் வந்தபோது ராணி இருந்தாள். சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளை. என்னிடம் பேசியதைவிட அவளிடம்தான் நீங்கள் அதிகம் பேசினீர்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ராணி வயதாகிச் செத்தபோது நீங்கள் செய்த கூத்து நினைவிருக்கிறதா? அந்த வாரமே அலைந்து திரிந்து, அதே சாம்பல் நிறத்தில், அதே நெற்றி வெள்ளையோடு ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அதற்கும் ராணி என்றே பெயர். ராணியின் கொட்டில், ராணியின் தண்ணீர்த் தொட்டி. அவளுடைய சேணத்தையே எடுத்து அதன் முதுகில் கட்டினீர்கள். அந்தச் சேணம் சாக்குக்குள் வைக்கோல் திணித்துத் தைத்தது. வருஷக்கணக்காகப் பாரம் அமுக்கி அமுக்கி, ராணியின் முதுகு எப்படியோ அப்படியே படிந்துபோயிருந்தது. புதுக் குதிரைக்கு முதுகு வேறு. தோட்டத்துக்கு நாலு நடை போய் வருவதற்குள் இரண்டு பக்கமும் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவிக்கொண்டே நீங்கள் என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "இது மேல தப்பு இல்ல டீச்சர். செத்தவ முதுகக் கொண்டாந்து இது மேல கட்டிப்புட்டேன்." புண் ஆறியதும் கொண்டுபோய் வாங்கிய இடத்திலேயே விட்டுவிட்டு வந்தீர்கள். அதன்பிறகு குதிரை என்ற பேச்சையே எடுக்கவில்லை. சவரிமுத்து அண்ணன் குதிரைகளை இரவல் வாங்கியும், வாழைத்தாரைத் தலையில் சுமந்தும் காலத்தை ஓட்டினீர்கள். உங்கள் கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து எனக்குத்தான் எரிச்சல். எப்போதுதான் வாங்குவதாக உத்தேசம் என்று ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டேன்.

"போய்ப் பாக்காம இல்ல டீச்சர்," என்றீர்கள். "நல்ல குதிரையாத்தான் இருக்கு. ஆனா இது ராணி இல்லங்கிறதுதான் மொதல்ல கண்ணுல படுது. என்னைக்கி குதிரை மட்டும் தெரியுதோ, அன்னைக்கி வாங்கிக்கிறேன்."

அந்த நாள் வந்தபோது வடமதுரைப் பக்கமிருந்து ஒரு அலங்கோலத்தை ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். தொங்கிய வயிறு, ஒரு காது நுனி கிழிந்திருந்தது, சுண்ணாம்பு பாதி உரிந்த சுவர் மாதிரி உடம்பெல்லாம் திட்டுத் திட்டு. நான் சிரித்த சிரிப்பில் உங்களுக்குக் கோபம் வந்து, தேவதூதராக்கும் இவள் என்று அந்த இடத்திலேயே அவளுக்குச் சம்மனசு என்று பெயர் வைத்தீர்கள். வந்ததும் பாரம் ஏற்றவில்லை. சாக்கை அவள் முதுகில் போட்டு அளவு பார்த்து, புதுச் சேணம் தைத்து முடித்த பிறகுதான் தோட்டத்துக்கே கூட்டிப்போனீர்கள். பொங்கலன்று மாதா கோயில் வாசலில் குதிரைகளை வரிசையாக நிறுத்தி மந்திரித்தபோது, இவள் பேர் என்ன என்று சாமியார் கேட்டார். நீங்கள் சொன்னதும் அவளைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், தீர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், அவள் மட்டும் மரியாதையாகத் தலையைக் குனிந்து தீர்த்தம் வாங்கிக்கொண்டாள்.

நீங்கள் போன பிறகு உங்கள் மோட்டார் பைக்கை மேலத்தெருக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். தினமும் சாயங்காலம் நம் வீட்டைத் தாண்டித்தான் போவார். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே சம்மனசு காதை நிமிர்த்துவாள், கனைப்பாள். நானும் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்குவேன். வண்டி நிற்காமல் போய்விடும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். இந்த வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்க எனக்கு ஒரு துணை இருந்தது. இப்போதும் அந்த பைக் போகிறது, நான் ஒருத்திதான் தலையைத் தூக்குகிறேன்.

தனிமை என்றால் என்ன என்று உங்கள் சாவில்கூட எனக்கு முழுதாகத் தெரியவில்லை. கொட்டில் காலியான பிறகுதான் தெரிந்தது. முன்பெல்லாம் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பேன், கேட்கிறவர்கள் குதிரையிடம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்போது பேசினால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். அதனால் பேசுவதில்லை. மகன் போன் செய்யும்போது தொண்டையைச் செருமித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறான். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்துவிடுங்கள் என்கிறான். சவரிமுத்து அண்ணன் இதுவரை தன் குதிரைகளை அனுப்பி என் பாரத்தை இறக்கிக் கொடுத்தார். போன மாதம் அவரே சங்கடப்பட்டுக்கொண்டு வந்து நின்றார். எலுமிச்சை சீசன் தொடங்கப்போகிறது, அவர் தோட்டத்துக்கே அவர் குதிரைகள் பத்தாது. கன்னிவாடியில் ஒரு குதிரை விலைக்கு வந்திருப்பதாகவும், செத்த நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். சீசனுக்குள் குதிரை வராவிட்டால் காய் மரத்தடியிலேயே கிடந்து அழுகும். அப்புறம் மகன் சொல்வதைத்தான் நான் கேட்டாக வேண்டும்.

நான் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் என்றேன், முழங்கால் வலி என்றேன், தவக்காலம் முடியட்டும் என்றேன். சம்மனசை மறக்க முடியாமல் தள்ளிப்போடுகிறேன் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். அது மட்டும் இல்லை. இனி வருவது உங்களைத் தெரியாத குதிரை. உங்கள் கொட்டிலில் நிற்கும், உங்கள் தோட்டத்துக்கு நடக்கும், பைக் போனால் காதை அசைக்காது. என்னைத் தனியாளாக மட்டுமே பார்க்கப்போகிற குதிரை. அதை எப்படி நான் வீட்டுக்குள் விடுவேன்?

கடைசியில் போன வாரம் அண்ணனோடு போனேன். செம்மண் நிறம், வயது குறைவு, நல்ல நிதானம். என் கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா நின்றது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் நான் சம்மனசைத் தேடவே இல்லை, குதிரை மட்டும்தான் தெரிந்தது. உங்கள் கணக்குப்படி நான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அதை விற்பவரைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பாவம், அவர் நல்ல மனுஷர். சுழி சுத்தம், ராசியான குதிரை என்று காட்டினார், பல்லைக் காட்டினார். குளம்பைக் காட்ட ஒரு வார்த்தை சொல்லாமல் காலைத் தூக்கினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீங்கள் "கால குடு ஆத்தா" என்று கேட்காமல் ஒருநாளும் தூக்கியதில்லை. அவர் துண்டு கட்டியிருந்த விதம் பிடிக்கவில்லை. சிரிப்புப் பிடிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். குதிரை பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, வேறு பார்க்கலாம் என்றார் அண்ணன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு விளங்கியது. குதிரையில் நான் யாரையும் தேடவில்லை. அந்த மனுஷரிடம் உங்களைத் தேடியிருக்கிறேன். அவர் நீங்களாக இல்லை என்பதுதான் அவர் செய்த ஒரே தப்பு. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஊர் வரும் வரை அழுதேன். அண்ணன் பார்த்தும் பார்க்காததுமாக முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

குதிரைக்கு நீங்கள் சொன்னது சரிதான். தேடுவது நின்ற பிறகு வாங்கு என்பது சரி. உங்கள் விஷயத்தில் அது நிற்காது, நான் நிற்கச் சொல்லவும் மாட்டேன். அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் தோட்டம் கைமாறிப்போய், திருப்பூர் மாடி வீட்டு ஜன்னலில் நின்று தெருவில் போகிற ஆம்பிளைகளிடமெல்லாம் உங்களைத் தேடிக்கொண்டிருப்பேன். இந்தக் கடுதாசியை எழுத உட்காருவதற்கு முன்னால் அண்ணனுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை அந்தச் செம்மண் நிறக் குதிரையையே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். தேடத்தான் போகிறேன் என்றால், இங்கேயே இருந்து தேடுகிறேன்.