அத்தைக்கும் உனக்கும் நடுவில்

ஆவடி,
20-2-1994

அன்பு மகள் கயலுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே எழுந்து நடமாடுகிறேன், வேளைக்கு ஏதோ சாப்பிடுகிறேன், அதற்கு மேல் என் நலத்தைப் பற்றி எழுத ஒன்றும் வரவில்லை. அந்தக் கனடா குளிரில் உனக்குச் சளி இருமல் எதுவும் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

நீ போனில் பேசி எவ்வளவோ நாளாகிவிட்டது. மார்க்கெட்டுக்குப் போகும்போது சாதுல்லா பாய் போன் பூத்தைத் தாண்டித்தானே போக வேண்டும், நான் கேட்காமலே அவர் “பாப்பா இன்னிக்கும் லைன்ல வர்லமா, அங்க இன்னா வேலயோ” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார். வேலையில்லை கோபம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும் போலிருக்கிறது. கோபத்தோடேயாவது இந்தக் கடிதத்தை முழுசாகப் படி. அப்பா இருந்தவரை அவர்தான் பக்கம் பக்கமாக எழுதுவார், நான் அடியில் இரண்டு வரி சேர்ப்பேன். எட்டாவதோடு நின்ற கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா எப்படிப் போனார் என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. பெரியப்பா போனில் ஹார்ட் அட்டாக் என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஃபேக்டரி லீவு. நெமிலிச்சேரியில் நாம் கட்டுகிற வீட்டுக்குப் புதுச் சுவர் எழுப்பியிருந்தார்கள், காயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று டீயைக் குடித்துவிட்டு சைக்கிளில் போனார். போகும்போது கயல் ரூமுக்கு ஜன்னல் ரயில் ரோட்டுப் பக்கம் வேண்டாம், அவள் படிக்கிற பெண், சத்தம் ஆகாது, கொத்தனாரிடம் சொல்லி மாற்றச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதுதான் கடைசிப் பேச்சு. பாதிச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், பக்கெட்டை வைத்துவிட்டு மணல் மேட்டில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஓடிப் போனோம். சட்டை ஈரமாக இருந்தது, முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை. அந்த மட்டும் உன் மனசுக்கு நிம்மதி இருக்கட்டும். நீ வந்து சேருகிற வரை வைத்திருக்கவில்லையே என்று கேட்டாய். உன் ஹாஸ்டலுக்கு எத்தனையோ முறை போட்டும் லைன் கிடைக்கவில்லை, கிடைத்தபோது நீ லைப்ரரியிலோ எங்கேயோ இருந்தாய், அதற்குள் வீட்டில் ஊரே கூடிவிட்டது. வைத்திருங்கள் என்று சொல்ல என்னிடம் குரல் இல்லை கண்ணு. பெரியப்பாதான் கொள்ளி வைத்தார்.

அவருக்கு உன் படிப்பின் மேல் அவ்வளவு பெருமை. உன் கடிதம் வந்தால் கேண்டீனுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். பெண்ணியக் கோட்பாடு என்ற வார்த்தையை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறார், எம்பொண்ணு எல்லா நாட்டுப் பொம்பளைங்க கஷ்டத்தையும் ஒண்ணா வச்சிப் படிக்கிறா என்பார். “அதப் படிச்சா இன்னா வேல கெடைக்கும் நாகேந்திரா” என்று யாரோ கேட்டதற்கு, “வேல கெடைக்குதோ இல்லியோ, சின்ன வயசுலருந்து அவ கேட்ட கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, அங்க எவனாச்சும் சொல்லுவானான்னு போயிருக்கா” என்றாராம். அந்தக் கேள்வியெல்லாம் நாகம்மா அத்தையைப் பற்றித்தானே. இருபத்து மூன்று வயதில் தாலியை இழந்து, ஆரணியில் இருக்க முடியாமல் அண்ணனே கதி என்று நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். எதிரே அவள் வந்தால் கிளம்பின காரியத்தை விட்டுத் திரும்பிப் போவார்கள். நீ அரைப்பாவாடை கட்டின வயதிலேயே, அப்பா டியூட்டிக்குக் கிளம்பும்போது அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சைக்கிளுக்கு நேர் எதிரே நிறுத்துவாய், அவள் கூசிப்போய் ஒளியப் பார்ப்பாள், அப்பா மணியடித்துச் சிரித்துவிட்டுப் போவார். அந்த அத்தையை வைத்துத்தான் நீ அந்தப் பெரிய கட்டுரை எழுதி இடம் வாங்கினாய்.

கருமாதிக்கு முன்னால் நீ பூத்துக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடு என்று சொல்ல, சாதுல்லா பாயே சைக்கிளில் வந்து என்னை அழைத்துப் போனார். உன் குரலைக் கேட்டதும் அழுதுதான் தீர்ப்போம் இரண்டு பேரும் என்று நினைத்தேன். நீ அழுதாய், ஆனால் கூடவே படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டாய். அவர்களைத் தாலியில் கை வைக்க விடாதே, அது அடிமைச் சின்னம், ஆப்பிரிக்காவில் இப்படி, சிலியில் இப்படி, பெண்கள் எதிர்த்து நிற்கிறார்கள், நீ என் அம்மா, நீயே பணிந்துவிட்டால் நான் இங்கே எந்த முகத்தோடு பேசுவேன் என்றாய். நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாய் என்பதும் புரிந்தது. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய். “அந்தக் கோலத்துல உன்ன என்னால பாக்க முடியாதும்மா” என்றாய். கயல், அத்தையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களும் அதைத்தானே சொன்னார்கள்? நான் ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் சோடா உடைத்துக் கொடுத்தார், குடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அத்தை பூந்தமல்லிக்குப் போய்க் கண்ணாடி வளையல், கூறைப் புடவை, பூ என்று எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள். கருமாதியன்று காலை என்னை மணப்பெண் மாதிரி ஜோடித்து உட்கார வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள், உனக்குத் தெரியும். நான் அவளைத் தனியே கூப்பிட்டு, நாகம்மா எனக்கு இந்த ஜோடனை வேண்டாம், அத்தனை பேர் நடுவில் வளையலை உடைக்க வேண்டாம் என்றேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை, கையிலிருந்த வளையல் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். பிறகு “எனக்கு மட்டும் எல்லாம் பண்ணாங்களே அண்ணி, சின்ன வயசுல ஒக்கார வச்சி ஒடச்சாங்களே, கையெல்லாம் ரத்தம், யார்னா வேணாம்னு சொன்னாங்களா? இப்ப நீங்க வேணாம்னு சொன்னா அது இல்லாமலே இருந்திருக்கலாம்னு ஆயிடுதே. அப்ப நான் இத்தினி வருசம் பட்டது இன்னாத்துக்கு? சும்மாவா?” என்றாள். இதற்கு உன் புத்தகங்களில் பதில் இருக்குமோ என்னவோ. அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன், தள்ளிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஆளாளுக்கு ஒன்று சொல்லி யார் மூலமோ உனக்குத் தப்பாக வந்திருக்கும். என்னை யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை. நான் ஜோடித்துக்கொள்ளவும் இல்லை. விடிந்ததும் தலைக்குக் குளித்து, அப்பா போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையையே கட்டிக்கொண்டு, கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் போய் நின்று, எல்லோரும் பார்க்க நானே தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டேன். பெரியப்பா “இன்னாம்மா இது, மொறயில்லாம” என்று எழுந்தார். “அவர் கட்னது, நான் கழட்றேன், நடுவுல யாருக்கும் வேலயில்ல” என்று சொன்னேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். வளையலை உடைக்கவில்லை, உருவி வைத்துவிட்டேன்.

ஏன் கழற்றினாய் என்றுதானே உன் கோபம். அவர் போன நாளிலிருந்து குனிந்து பெருக்கும்போதும் அடுப்பு மேடையில் சாயும்போதும் அது நெஞ்சில் வந்து இடிக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி திரும்பிப் பார்ப்பேன். என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். ஊருக்குப் பயந்தும் இல்லை, உன் பேச்சை மீற வேண்டும் என்றும் இல்லை. நீ அந்தப் பக்கமிருந்து கழற்றாதே என்றாய், இவர்கள் இந்தப் பக்கமிருந்து நாங்கள் கழற்றுவோம் என்றார்கள், பார்வதம் உனக்கு என்னடி செய்கிறது என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் நான் அங்கேயே அழுது தீர்த்திருப்பேன். அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

அத்தை அன்றைக்கு நம் வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு பெரியப்பாவோடு ஆரணிக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன், ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாக “ஒங்க பொண்ணு படிச்சவ, ஒங்களுக்கு தைரியம் வந்துச்சி, எனக்கு யாரு இருந்தா” என்றாள். பஸ் போய்விட்டது. உன்னை அவள் தூக்கி வளர்த்தவள். நீ முடிந்தால் அவளுக்கு ஒரு கடிதம் போடு. கொள்கை எதுவும் எழுத வேண்டாம், சாப்பிட்டாயா அத்தை என்று மட்டும் எழுது. ஆரணி விலாசம் பெரியப்பா வீட்டு விலாசம்தான்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து குவார்ட்டர்ஸ் புஷ்பாவின் மூத்த பெண்ணுக்குப் போன வாரம் வளைகாப்பு. புஷ்பா நேரே வந்து, “யக்கா, நீதான் மொத ஆளா அவளுக்கு சந்தனம் பூசணும், எவ இன்னா சொல்றான்னு நான் பாத்துக்கறேன்” என்று சண்டைக்காரி மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். உனக்குப் பிடித்தவள் ஆயிற்றே. நானும் போக வேண்டும் என்று தீர்மானமாகத்தான் போனேன். பொட்டு வைத்துக்கொண்டுதான் போனேன். பெண்ணை மனையில் உட்கார வைத்துப் புஷ்பா “யக்கா, வா” என்று என்னைக் கூப்பிட்டாள். எல்லோரும் வழி விட்டார்கள், ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை, நான் பார்த்தேன். ஆனால் என் கால் முன்னால் போகவில்லை கயல். அந்தப் பெண்ணின் நிறைந்த வயிற்றைப் பார்த்தேன், நம்மால் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பயம் குபீரென்று வந்தது. எலுமிச்சம் சாதம் கிளற வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். யாரும் என்னைத் தள்ளவில்லை, நானே தள்ளி நின்றேன். அத்தனை பேர் எதிரில் தாலியைக் கழற்றிய கைக்குச் சந்தனத்தைத் தொடத் துணிவில்லை. புஷ்பா வந்து பார்த்தாள், கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இதற்கு உங்கள் வகுப்பில் ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா? குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உன்னோடு படிக்கிற அந்தக் கென்யாப் பெண்ணிடமும் கேட்டுப் பார், அவள் அம்மாவுக்கு இப்படி ஒரு நாள் வந்தால் கால் எந்தப் பக்கம் போகும் என்று.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஃபேக்டரியில் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சித்திரையில் நெமிலிச்சேரிக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன், தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. உன் ரூம் ஜன்னலை மாற்றச் சொல்லிவிட்டேன். இன்னொரு விஷயம், படிப்பைப் பாதியில் விடுகிற யோசனை இருந்தால் அதை விட்டுவிடு. அப்பாவுக்காகச் சொல்லவில்லை. நீ படிப்பதில் என்னைப் போன்றவர்களும் கொஞ்சம் இருக்க வேண்டும், அதற்கு நீ அங்கே இருக்க வேண்டும். வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு லைப்ரரியில் கிடக்காதே, ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. பனியில் காதை மூடிக்கொண்டு போ. தலைக்கு எண்ணெய் வை.

நீ எடுத்த காரியம் ஜெயிக்கட்டும், உன் வாக்குக்கு எல்லா ஊரிலும் மதிப்பு கிடைக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இரு என்று மனசார வாழ்த்துகிறேன். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பூத்துப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன், பாயிடம் சொல்லியாயிற்று. என்னைத் திட்ட வேண்டும் என்றாலும் போன் பண்ணித் திட்டு. இந்த வீட்டில் என்னோடு சண்டை போட யாரும் இல்லை கண்ணு.

இப்படிக்கு
உன் அம்மா
பார்வதம்