தறியை நிறுத்தச் சொல்

ஆரணி
மார்கழி முதல் வாரம்

அண்ணா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அடித்தேன்.

எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும். நலம் இல்லை.

உனக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருக்கிறாய். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "குளிர்காலம் நான் உள்ளே திரும்பும் காலம். இயற்கையோடு சேர்ந்து ஓய்கிறேன். தை பிறந்ததும் பேசுவோம்." கீழே ஒரு காய்ந்த இலையின் படம். அம்மாவின் கர்ப்பப்பைக்கு அந்த இலைதான் பதில்.

உன் அறைத்தோழர் கோபிநாத்திடம் கெஞ்சி இந்தக் குடகு விலாசத்தை வாங்கினேன். அவருக்கும் பயம். "அவன் ரெஸ்ட்ல இருக்கான் ரேணுகா, யார் கேட்டாலும் குடுக்காதன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்றார். யார் என்பதில் நானும் உண்டு போல.

பருவத்தோடு சேர்ந்து வாழச் சொல்லி நெட்டில் நீ எடுக்கும் வகுப்புகளை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். வெயிலில் ஓடு. மழையில் அடங்கு. பனியில் உறங்கு. தையில் இலக்கு வை. குறை கிடைக்கவில்லை. செய்யாறு போகும் கம்பெனி பஸ்ஸில் என் உடம்பும் அதையேதான் கேட்கிறது. ஷிப்ட் மாறுகிற வாரங்களில் அதற்கு எது காலை, எது மாலை என்றே தெரிவதில்லை. நீ சொல்வது சரி. சரியாக இருப்பதால்தான் வயிறு எரிகிறது.

ஏனென்றால் இதெல்லாம் நம் வீட்டில் இருந்தது. நீதான் மூடினாய்.

மறந்திருப்பாய், எழுதுகிறேன். நம்முடையது குழித்தறி. தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றி மிதித்தார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும் தீபாவளிக்கு நெய்ய வேண்டும். தீபாவளி முடிந்தால் தை முகூர்த்தம். தறி நிற்க வருஷத்தில் இடமே இல்லை. ஐப்பசி அடைமழையில் மட்டும் குழியில் ஊற்று எடுக்கும். பட்டு நூல் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்பா வாளியால் இறைத்துப் பார்ப்பார். மறுபடி ஊறும். வாளியைக் கவிழ்த்துவிட்டு, "சர்தான், போ" என்பார்.

அன்றிலிருந்து அம்மா மத்தியானம் தூங்குவாள். அப்பா உப்புமா கிண்டுவார், அடி பிடிக்கும், அதையும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். கார்த்திகை பாதி வரை அப்படி.

அம்மா ஒருநாளும் "முடியல" என்று சொன்னதில்லை. அந்த வார்த்தை அவளிடம் கிடையாது. "குழியில தண்ணி வந்துட்சிங்க" என்பாள். சொல்லும்போது குரலில் கவலை இருக்கும். முகத்தில் இருக்காது.

வைகாசியில் வேலூர் டாக்டர் சொன்னார்: கட்டி பெரிது, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், பிறகு ஆறு வாரம் காலால் மிதிக்கிற வேலை கூடாது. அம்மா யோசிக்கவே இல்லை. "மழைக்கு எப்பிடியும் தறி நிக்கும், அப்ப பண்ணிக்கிறேன்" என்றாள். அப்பா தலையாட்டினார். உனக்கும் போனில் சொன்னேன். "நல்ல முடிவு. மழைக்காலம்தான் உடம்பு ஆறுகிற பருவம்" என்றாய். உன் வார்த்தைகள். நான் மறக்கவில்லை.

ஆடியில் வந்தாய். கொத்தனாரோடு வந்தாய். நான் கம்பெனியிலிருந்து திரும்பியபோது குழி இருந்த இடத்தில் சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் இரும்புச் சட்டத்தில் தறி. நூல் காய மேலே பெரிய பல்புகள். அம்மா கொத்தனாருக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். "இனிமே வருஷம் முழுக்க ஓடும்பா, இதான் இந்த வருஷத்துக்கு என் இலக்கு" என்று அப்பாவிடம் சொன்னாய். அவர் தெரு முழுக்க அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

வைகாசியில் சொன்னதையும் ஆடியில் செய்ததையும் நீ ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஐப்பசி வந்தது. மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. தெருவில் எந்த வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. நம் வீட்டில் மட்டும் மிதிச் சத்தம். எதிர்வீட்டு அம்மணி அக்கா ஜன்னலில் நின்று கேட்டாள். "இன்னாடி அபிதா, உங்க வூட்டுக்கு மட்டும் மழ பெய்யலியா?" அம்மா சிரித்தாள். "எம் புள்ள மழைய நிறுத்திட்டான்க்கா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, தறிக்கு அடியில் மூடிய இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

கார்த்திகையில் அம்மாவுக்கு உதிரப்போக்கு அதிகமாயிற்று. பலகையில் பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து நெய்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "கல்யாணப் பொடவைடி. கற பட்டா இன்னா பண்றது?" என்றாள். எழுதும்போது எனக்குப் பயமில்லை. கோபம்.

நேற்று எழுந்திருக்கும்போது சரிந்தாள். விழும்போதும் தறியில் கட்டியிருந்த பாவு நூலின் மேல் விழாமல் பக்கத்தில் சாய்ந்து விழுந்தாள்.

அப்பாவிடம் கத்தினேன். அவர் கத்தவில்லை. "எனுக்கு மட்டும் ஆசையாம்மா? புள்ள ஆசையா போட்டுக் குடுத்தது. மொத வருஷமே மழைல நிறுத்தினா அவன் மனசு இன்னா ஆவும்?" என்றார். அம்மாவும் அதையே சொல்கிறாள். உன் மனசு நோகக் கூடாதாம். அதற்காக இங்கே ஒருத்தி ரத்தம் சிந்துகிறாள்.

நான் சொன்னால் எடுபடாது. தறி நீ கொடுத்தது. நீதான் நிறுத்தச் சொல்ல வேண்டும். 'அம்மா ஓய்வெடுக்கட்டும்' என்று சொல்லாதே. நம் வீட்டில் அது யாருக்கும் புரியாது. "அப்பா, தறியை நிறுத்துங்க" என்று சொல். அவ்வளவுதான். போனை எடு.

தையில் அல்ல. இப்போது.

ரேணுகாதேவி


வேலூர்
மார்கழி, ஆஸ்பத்திரியிலிருந்து

அண்ணா,

கடிதம் உனக்குக் கிடைத்திருக்கிறது. அப்பாவை அழைத்தாய். ஆனால் என்ன சொன்னாய்? "அம்மாவை நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கப்பா. நான் தையில வரேன்." அவ்வளவு தெளிவாக எழுதியும் அந்த ஒன்றைத்தான் சொன்னாய். பிறகு போனை மறுபடி அணைத்துவிட்டாய்.

அப்பா உள்ளே போய் அப்படியே சொன்னார். "அபிதா, சந்தோஷ் ஒன்ன ரெஸ்ட் எடுத்துக்கச் சொன்னான்." அம்மா, "சரிங்க, இந்த முந்தானைய முடிச்சிட்டு எடுத்துக்கிறேன்" என்றாள். இருவருக்கும் திருப்தி. தறி ஓடியது.

அதனால் நான் தனசேகரன் கடைக்குப் போனேன். புடவை அவருடைய ஆர்டர். சண்டைக்குத் தயாராகப் போனேன், பஸ் ஸ்டாண்டிலிருந்தே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு. அவர் முழுதாகக் கேட்டார். "ஏம்மா, இத ஆடியிலயே சொல்லக்கூடாதா? முகூர்த்தம் மாசியிலயும் கீது. பொடவ எங்கியும் ஓடிப்பூடாது. மொதல்ல உங்கம்மாவ ஜல்தியா இட்டுகினு போ" என்றார்.  யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை மாதமாக யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அவரே வீட்டுக்கு வந்தார். "முருகேசா, தறிய நிறுத்து" என்றார். அப்பா எழுந்து பல்புகளை அணைத்தார். எவ்வளவு சுலபமாக அணைத்தார், தெரியுமா? இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி.

அம்மாவுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் என்னைத் திட்டினார். திட்டு முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன், உன் பங்கையும் சேர்த்து. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இதயம் தாங்குமா என்று நாளை இன்னொரு டாக்டர் வந்து பார்ப்பார். அந்த வரியை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அப்பா வராந்தா பெஞ்சில் இருக்கிறார். கை மடியில் சும்மா கிடக்கிறது. கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது. வலது, இடது, வலது. அவருக்குத் தெரியவில்லை. போகிறவர்கள் பார்க்கிறார்கள்.

உன் மேல் உள்ள கோபம் தீரவில்லை. தீரும் என்றும் நினைக்கவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நீ வா. திட்டம் எதுவும் கொண்டு வராதே. டாக்டருக்கு யோசனை சொல்லாதே. எதையும் சரிசெய்யாதே. அப்பா பக்கத்தில் உட்கார், போதும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.

நீ மலையில் இருப்பது அம்மாவுக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஊசி ஏறுகிற கையை அசைக்காமல் என்னைக் கூப்பிட்டு, உனக்கு எழுதச் சொன்னது ஒன்றுதான். "அங்க பனி ஜாஸ்தியா இருக்கும். காதுக்குத் துணி கட்டிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன். கட்டிக்கொண்டு கிளம்பு.

உன் தங்கை
ரேணுகா