பார்த்துவிட்டு வாருங்கள்

பிப்ரவரி 9, திங்கள்

காலையிலிருந்து பனி. பேருந்து வராது என்று என் வீட்டுக்காரன் எமரி வண்டியில் கொண்டுவந்து அருங்காட்சியக வாசலில் விட்டான். வழியெல்லாம் என்னவோ சொல்ல வந்தான். ஸ்டீயரிங்கை விட்டுக் கை எடுத்தால் கொன்றுவிடுவேன் என்று முறைத்தேன். நாங்கள் இருவருமே காது கேளாதவர்கள். கையால் பேசுகிறவன் கையால் ஓட்டவும் வேண்டும் என்றால் ஒன்று நிற்க வேண்டியதுதான். வாசலில் நிறுத்திவிட்டு, "மூஞ்சில மாவு, தொடச்சிக்கோ" என்றான். அவன் பேக்கரிக் கையால் தடவிய மாவுதான் அது.

இன்று மாஸ்டடான் என்ற ஆதிகால யானையின் எலும்புக்கூட்டைப் பற்றிப் பேசிப் படம் எடுத்தோம். எலும்புக்கூட்டின் முன்னால் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தால் போன் கதை சொல்லும். காது கேட்பவர்களுக்குக் காதில் குரல். எங்கள் ஆட்களுக்குத் திரையில் நான், கறுப்புச் சட்டையில், சைகையில்.

அருங்காட்சியக இயக்குநர் லொரெய்ன் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். மார்ச் ஆறாம் தேதி எங்கள் காது கேளாதோர் கிளப்பிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் சைகைப் படங்கள் இருக்கும். இல்லையென்றால் வெறும் சப்டைட்டில். "படிக்கத் தெரியும்தானே" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் மரியாதையாகத்தான் கேட்டார். இயக்குநர், கேட்கலாம்.

தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் எந்த அருங்காட்சியகத்திலும் மற்றவர்கள் சிரிக்கும்போது நான் சிரித்ததில்லை. எல்லோரும் சிரித்து முடித்து அடுத்த அறைக்குப் போன பிறகு நான் அட்டையைப் படித்துக்கொண்டிருப்பேன். இது எனக்கு வேண்டும். வேறு யாருக்காகவும் என்று பூசி மெழுக வேண்டாம். எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

எடுத்து முடித்தாயிற்று. டோபின் நல்ல பையன், வானொலியிலிருந்து இங்கே வந்தவன், இரண்டு வருடமாகச் சைகை படிக்கிறான். கையுறை போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும், ஆனாலும் வெட்கப்படாமல் பேசுவான். "வெட்டி ஒட்டறதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றான். போய்ச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கிளப்பில் தவக்கால மீன் வறுவல். வெண்டலும் ஆட்ராவும் சோதனைக்கு வருகிறார்கள். வெண்டல் கேமரா தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் சுலபத்தில் நல்லாயிருக்கிறது என்று சொல்லமாட்டார், அதனால்தான் கூப்பிட்டேன். ஆட்ரா அவர் மனைவி, அவருக்குப் பிரேக். கிளம்பலாம் என்று எமரி சொன்ன பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே இன்னொரு சாப்பாட்டு நேரம் பேசினோம். கடைசியில் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு விரட்டினார்கள். வழக்கம்போல.

பிப்ரவரி 26, வியாழன்

டோபின் படங்களை அனுப்பிவிட்டான். மேசைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். தெளிவு. சட்டை நன்றாக இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

போச்சு.

வெண்டல் போனைத் தூக்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. முன்னால் வீடு உயரத்துக்கு எலும்புக்கூடு நிற்கிறது, மனுஷன் அதை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. ஆட்ரா ஒருமுறை தலையைத் தூக்கினாள். அதற்குள் திரையில் நான் எங்கேயோ போய்விட்டேன், திரும்பக் குனிந்துகொண்டாள். முடிந்ததும் வெண்டல் என்னைப் பார்த்து, "ஏம்மா கோரின், யானையப் பாக்க விடுவியா மாட்டியா? இதுக்கு நான் வீட்லயே உக்காந்து உன்னப் பாத்திருப்பேன், காலாவது வலிக்காம இருந்திருக்கும்" என்றார்.

ஆட்ரா அவர் முழங்கையைக் கிள்ளினாள். "நல்லாத்தான் பேசற, ஆனா மூச்சு விட மாட்டேங்கற."

லொரெய்ன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சப்டைட்டில்னா அவங்க வேகத்துக்குப் படிச்சிக்கலாமே" என்றார். அதட்டவில்லை, கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். அவங்க சொன்னது சரிதானே? நான் மூச்சு விடாமப் பேசறேன் — நானா? எனக்கென்ன பைத்தியமா, நான் அப்படிப் பேசவே மாட்டேனே. மதியம் லீவு சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். எமரி ரொட்டி கொண்டுவந்தான். வேண்டாம் என்றேன். பிறகு தின்றேன்.

மார்ச் 7, சனி

நான் அப்படிப் பேசவே இல்லை!

போனை எடுத்து நானே பார்த்தேன். "உடைந்து தானே ஒட்டிக்கொண்ட அந்த விலா எலும்பைப் பாருங்கள்" என்று விரலைக் காட்டுகிறேன் — காட்டின விரல் கீழே இறங்குவதற்குள் பல்லைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறேன். யார் இது? படம் எடுக்கும்போது விரலைக் காட்டிவிட்டுக் கையை இறக்கி நின்றேன். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நிற்பார்கள். அதோ பார் என்று காட்டினால், அவர்கள் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பும்வரை கையைத் தூக்கக்கூடாது. கண் வேறிடத்தில் இருக்கும்போது பேசினால் அது பேச்சே இல்லை. இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூச்சு விடக் கற்றுக்கொடுப்பார்களா?

நான் நின்ற இடம் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் வெட்டியிருக்கிறான். டோபினை இன்றைக்கே பிடித்து உலுக்கியிருப்பேன், சனிக்கிழமை பிழைத்தான். மேசைக் கணினியில் பார்த்தபோது எனக்கு ஏன் உறைக்கவில்லை? எனக்குத்தான் விலா எலும்பு மனப்பாடமாயிற்றே, நான் எங்கே திரும்பிப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 9, திங்கள்

கோபத்தோடு போனேன். டோபின் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க சும்மா நின்ன இடத்தத்தானே வெட்டுனேன்" என்றான். "வானொலில ரெண்டு நொடி சத்தமில்லன்னா மேனேஜர் ஓடி வருவாரு. கேக்கறவங்க ஸ்டேஷன மாத்திருவாங்க. உங்களுக்கு நல்லது பண்றேன்னு நெனச்சி, ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணாத் தேடித் தேடி எடுத்தேன்."

தேடித் தேடி. ஒன்றைக்கூட விடவில்லை பாவி. இவ்வளவு அக்கறையாக ஒருவன் கெடுத்தால் எப்படித் திட்டுவது? அவனை எலும்புக்கூட்டின் முன்னால் நிறுத்தி, விலா எலும்பைக் காட்டினேன். பார்த்தான். அவன் திரும்பும்வரை சும்மா நின்றேன். திரும்பினான். அப்போதுதான் பல்லைக் காட்டினேன். மூன்றாவது தடவை அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

இருவருமாக லொரெய்னிடம் போனோம். டோபின் தப்புத் தன்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அவர் பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார். இருபதாம் தேதி இன்னொரு தடவை. அதோடு முடிவு.

மார்ச் 11, புதன்

வெட்டியதை ஒட்டினால் போதும் என்று நினைத்தோம். போதாது. வெண்டல் ஒரு எலும்பை லேத்தில் கடைந்த பாகம் மாதிரி ஆராய்வார். குழந்தை சட்டென்று பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்கும். நேரில் என்றால் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். போனுக்குள் இருக்கிறவள் எப்படித் தெரிந்துகொள்வாள்?

டோபின் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே தன் போனைத் தூக்கினான், இறக்கினான், தூக்கினான். பிறகு சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். "எலும்பப் பாக்கும்போது கை தானா எறங்குதில்ல? போனுக்கு அது நிக்குதா படுத்திருக்கான்னு தெரியும்." கை இறங்கினால் நான் நிற்க வேண்டும். தூக்கினால் தொடர வேண்டும். காட்டிய இடங்களில் எல்லாம் இறக்கித் தூக்கும்வரை நான் கையைத் தூக்கவே கூடாது.

வானொலிக்காரன். நான் யோசிக்கவில்லையே இதை.

மார்ச் 14, சனி

சமையலறையில் எமரியை வைத்துச் சோதித்தோம். எலும்புக்கூட்டுக்குப் பதில் அடுப்பில் கொதிக்கும் குழம்புச் சட்டி. போனை இறக்கினான், சட்டியைப் பார்த்தான், உப்பு போட்டான், தூக்கினான். "நீ செத்துப் போயிட்ட" என்றான்.

பார்த்தேன். நிறுத்திய இடத்தில் வாயைக் கோணிக்கொண்டு உறைந்து நிற்கிறேன். போன் நின்றுபோய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மார்ச் 16, திங்கள்

இன்று நாள் முழுக்க நான் காத்திருப்பதைப் படம் எடுத்தோம். மூச்சு விட்டுக்கொண்டு, கண் சிமிட்டிக்கொண்டு, காட்டிய பக்கம் நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டு. டோபின் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "நான் எடுத்ததுலயே நீளமான 'ஒண்ணுமில்ல' இதுதான்" என்றான். சிரித்துக் கெடுத்தேன். திரும்ப எடுத்தோம்.

மார்ச் 20, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை, சந்தோஷம்.

முதலில் வெண்டல் போனை இறக்கவே இல்லை. போனில் நான் விலா எலும்பைக் காட்டிவிட்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "என்ன மொறைக்கிற? சொல்லு" என்று போனைப் பார்த்துச் சைகை செய்தார். போனில் இருக்கிறவள் மசியவில்லை. லொரெய்ன் மணியைப் பார்த்தார். ஆட்ராதான், "யோவ், அவ காட்டறா, நீ பாக்கல. எப்படிப் பேசுவா?" என்று அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பார்த்தார். ரொம்ப நேரம். பக்கவாட்டில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு போனைத் தூக்கினார். நான் கையைத் தூக்கினேன்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாஸ்டடான் சேற்றில் மாட்டிய கதையில், நான் காலை இழுக்கிற மாதிரி காட்டிய இடத்தில், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும், அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். வெண்டல் போனைத் திருப்பித் தந்துவிட்டு, "பொறுமையான பொண்ணு. நேர்ல இவ்ளோ பொறும கெடையாது" என்றார். அவர் வாயிலிருந்து இது போதும்.

லொரெய்ன் தானே ஒருமுறை போனை வாங்கி, குரலோடு போட்டு, இறக்கித் தூக்கிப் பார்த்தார். குரலும் நின்று காத்திருந்ததாம். "எல்லாருக்கும் இப்படியே வச்சிடலாமே" என்று டோபினிடம் சொன்னாராம். என்னிடம், மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கினார்.

மார்ச் 21, சனி

பத்து மணிவரை தூங்கினேன்.

மே 16, சனி

லைலாக் பூத்துவிட்டது, ஊரே பூங்காவில். அருங்காட்சியகத்தில் கூட்டமிருக்காது என்று எமரியும் நானும் போனோம், டிக்கெட் வாங்கிக்கொண்டு.

எலும்புக்கூட்டின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். எங்கள் ஊர் இல்லை, கிளப்பில் பார்த்ததில்லை. போனைப் பிடித்த கை தொடையருகே தொங்கியது. விரல்களின் இடுக்கில் கறுப்புச் சட்டை தெரிந்தது, என் கன்னமும் கொஞ்சம். அவள் தலையை முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

எமரி என் தோளைத் தட்டி, "உன்ன மறந்துட்டா" என்றான்.

பேசாமல் நில் என்றேன். அவள் பார்த்து முடிக்கும்வரை நாங்களும் பின்னாலேயே நின்றோம்.