முன்னறையில் ஒரு தலைப்பிரட்டை

ஜூன் 4

கண்ணாடிக் கடையில் இன்று ஓயாத வேலை. லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் துரை முன்னறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய மீன்தொட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். துரை என்றால் என்னைக் கட்டியவர். இரண்டு வருஷம் இன்னொருத்தியோடு இருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தியதும் என் வீட்டுக்கு வழி ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்தவர், சோபாவில் அட்டையாய் ஒட்டிக்கொண்டுவிட்டார்.

அன்று என்னை விட்டுப் போகும்போது மீன்களையும் என் தலையில் கட்டிவிட்டுத்தான் போனார். எல்லாம் செத்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டது நான்.

ஜூன் 6

தொட்டிக்கு நீர்ச்செடி வாங்கி வந்தாராம். அதோடு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. “இங்க வாயேன், வந்து பாரேன்” என்று கூப்பிட்டார். போகவில்லை. அவர் குளிக்கப் போனதும் போய்ப் பார்த்தேன். மிளகுக்கு வால் முளைத்தது போல ஒன்று. தலைப்பிரட்டை. மீன் வளர்த்தது போதாது, இனி இது வேறு.

ஜூன் 9

அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்தாள். “இன்னுமா அனுப்பல? உனக்கு ரோஷமே கிடையாதா?”

இருக்கிறது. போய் நேரே கேட்டேன். “எப்பக் கிளம்புறீங்க?”

தொட்டியைக் காட்டினார். “இது தவளையாகட்டும். குளத்துல விட்டுட்டுக் கிளம்பிடுறேன். நடுவுல விட்டுட்டுப் போனா செத்துடும்.”

நடுவில் விட்டுவிட்டுப் போனால் செத்துவிடும் என்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது! வாய் கூசாமல் என்னிடமே சொல்கிறார். சரி என்றேன். ஒரு புழு வளர எத்தனை நாளாகிவிடப்போகிறது.

ஜூன் 10

அதற்குக் கீரை வேகவைக்கிறார். நான் காய்ச்சலில் கிடந்தபோது வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன்.

ஜூன் 27

உருண்டு கொழுத்திருக்கிறது, காலைத்தான் காணோம். “சாப்பிடுடா செல்லம்” என்று கொஞ்சல் வேறு. என் பெயரைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் மட்டும் என்ன? ஒன்றுமில்லை.

ஜூலை 8

கொஞ்ச நாளாகவே ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. இன்று கடைக்கு லீவு என்பது துரைக்கு மறந்துபோயிற்று. நான் படுக்கையறையிலிருந்து வரும்போது ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“இது எதுக்கு?”

“வெயில் ஜாஸ்தியா இருக்கு. பாவம், சூடு தாங்காது.”

பாவமாம். போனில் தேடிப் பார்த்தேன். தண்ணீர் குளிர்ந்தால் தலைப்பிரட்டை மெதுவாகத்தான் வளருமாம். சோபாவில் இன்னும் கொஞ்ச நாள் படுப்பதற்காக அதன் காலை முளைக்கவிடாமல் வைத்திருக்கிறார். என்னிடம்தான் பொய், அந்த வாயில்லாத ஜீவனிடமாவது ஒழுங்காக இருக்கக்கூடாதா? சீ. இதெல்லாம் ஒரு பொழப்பா.

ஜூலை 9

வேலைக்குக் கிளம்பும் முன் தொட்டித் தண்ணீரைப் பாதி மொண்டு ஊற்றிவிட்டு, ஸ்டூலோடு தரதரவென்று ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். வெளிச்சம் நன்றாகப் படும் இடம். ஐஸ் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டேன். துரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜூலை 19

பின்னங்கால்கள் வந்துவிட்டன. அக்காவிடம் சொன்னேன். எனக்குக் குழந்தை பிறந்ததுபோல் சந்தோஷப்பட்டாள்.

ஜூலை 21

தொட்டிக்குள் ஒரு செங்கல்லைச் சாய்த்து வைத்திருக்கிறார். நான் கேட்காமலே விளக்கம்: “முன்னங்காலும் வந்துட்டா அதுக்கு மேல ஏறி உட்கார இடம் வேணும். இல்லன்னா தண்ணியிலயே மூழ்கிச் செத்துடும்.” பெரிய விஞ்ஞானி. ஆனாலும் — தானே போவதற்கான நாளை இவ்வளவு பக்குவமாக ஏன் தயார் செய்கிறார்? நாடகமா? தெரியவில்லை. நாடகம்தான். இவரிடம் வேறு என்ன சரக்கு இருக்கிறது.

ஜூலை 26

கடையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கண்ணாடிகள் மொத்தமாக வந்து குவிந்திருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறேன். தொட்டிப் பக்கம் போகவே இல்லை. அது என்ன ஆனால் எனக்கென்ன.

ஜூலை 30

காப்பி கலந்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் கழுவி, சட்டை மாற்றியிருந்தார்.

“முன்னங்கால் வந்துடுச்சு. இப்பத்தான் பார்த்தேன். நீ பாக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு...”

கரண்டியைக் கீழே வைத்தேன். இவரைப் பற்றிய எந்தச் செய்தியும் இவர் வாயிலிருந்து எனக்கு வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள், அக்கா சொல்லியிருக்கிறாள், துவைக்கப் போட்ட சட்டைப் பை சொல்லியிருக்கிறது. இன்றைக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் எட்டிப் பார்த்தே பல நாளாகிறது. அது இவருக்கும் தெரியும்.

“குளத்துல விட்டுட்டு அப்படியே கிளம்பறேன்” என்றார். முன்னறையின் நடுவில் பை தயாராக நின்றது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. நாலு கால், அகலமான வாய், முழித்துக்கொண்டு இரண்டு கண். பின்னால் குட்டையாக ஒரு மிச்சம்.

“வால் இருக்கே” என்றேன்.

பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். “கொஞ்சம்தான். நாலஞ்சு நாள்ல அதுவும் போயிடும்.”

“இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப அந்தப் பையை நடுவழியில வைக்காதீங்க. கால் தடுக்குது.”