மலை தெரியாத மூன்று வீடுகள்

சுவரைத் தட்டிப் பார்க்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாத என் பிரியமானவருக்கு,

போன வாரம் தேயிலை எஸ்டேட்டில் எனக்குக் கடைசி நாள். மாலை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். கூடவே, வேலைக்காரர்களுக்கென்று எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நீங்களும் நானும் குடித்தனம் பண்ணின வீடு. கொழுந்து கிள்ளும்வரைதான் கூரை என்பது தெரிந்த சங்கதிதான். ஆனாலும் கேசரி இனிக்கவில்லை.

கேசரி சாப்பிட்ட கை காயுமுன் உங்கள் தம்பி ஆரம்பித்துவிட்டார்.

"மதினி, சக்குபள்ளத்துல சொந்தமா மூணு வீடு கெடக்கு. ஒண்ணுல வாடகைக்கு இருக்குற அந்த நர்சம்மாவக் காலி பண்ணச் சொல்லிட்டு நீங்க போய் இருங்க. சொந்த வீட்டுக்காரி வாடகைக்கு அலைஞ்சா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும் தம்பி. சிரிக்கிறவுகளா வந்து லோன் கட்டப் போறாக?"

வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நாம் முதலில் பார்த்த வீடு ஞாபகம் இருக்கிறதா? வாசலில் நின்றால் மலை முழுக்கத் தெரியும். நான் அதிலேயே மயங்கிப் போனேன். லயத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வாடகையைப் பற்றி என்ன தெரியும்? அட்வான்ஸ் கொடுக்கப் போன என்னை, "ஒருக்க மழையில வந்து பாப்போம்" என்று இழுத்து வந்தீர்கள். ஆடி மழையில் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஈ காக்காய் இல்லை. "மலையப் பாக்க வர்றவன் ரெண்டு நாள்ல போயிருவான். வேலைக்கு வர்றவன்தான் மாசாமாசம் வாடகை குடுப்பான்" என்றீர்கள்.

அப்புறம்தான் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இந்த மூன்று வீடுகளைப் பார்த்தோம். ஜன்னலைத் திறந்தால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவர்தான் தெரியும். கோடையில் கிணறு வற்றுமா என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் என்னை விசாரிக்கச் சொன்னீர்கள். லோன் போட்டு வாங்கினால், மூன்று வாடகையில் தவணை போகக் கையில் மிஞ்சுமா என்று கணக்குப் பார்த்தீர்கள். மிஞ்சுகிறது. நீங்கள் கண்ணை மூடின பிறகும் ஒரு வீடுகூடப் பூட்டிக் கிடக்கவில்லை.

இப்போது ஒன்றில் நான் போய் உட்கார்ந்தால், மற்ற இரண்டின் வாடகையும் லோனுக்கே சரியாகிவிடும். அப்புறம் அரிசிக்கு உங்கள் தம்பியிடம் கை நீட்ட வேண்டும். அது இந்த ஜென்மத்தில் நடக்காது.

யாரோ சொல்லிக் கேட்டு அந்த நர்ஸ் ஷைனி பதறிக்கொண்டு வந்தாள். படுத்த படுக்கையாக அவளுக்கு ஓர் அம்மா. "சேச்சி, நாங்க வீடு மாறணுமா?" என்றாள். எஸ்டேட்டில் எனக்குச் சொன்ன அதே வார்த்தையை நான் அவளுக்குச் சொல்வேனா?

"எங்கயும் போக வேண்டாம். போய் அம்மாவுக்குக் கஞ்சி வையி."

மேட்டுத்தெருவில் எனக்கு ஓர் ஒற்றை அறை பிடித்துவிட்டேன். தகரக் கூரை. வாடகை, நமக்கு மிஞ்சுவதில் பாதிகூட இல்லை. கொட்டுகிற மழையில் போய் நின்று, ஒழுகவில்லை என்று பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். சுவரையும் தட்டினேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

நாளைக்கு லயத்துச் சாவியைக் கொடுக்கப் போகிறேன். தலை குனிய மாட்டேன். வேலை முடிந்தது, வயசாகிவிட்டது என்று சொல்லி நம் வீட்டிலிருந்து எவரையும் நான் இறக்கிவிட மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம். லோன் முடியட்டும், நாலாவது வீடு பார்க்க அடைமழையில்தான் கிளம்புவேன். குடை பிடிக்க நீங்கள் இல்லை. பரவாயில்லை, நனைந்துகொண்டே போகிறேன்.

இப்படிக்கு,
மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரி, ஓர் அறைக்கு வாடகைக்காரி,
என்றைக்கும் உங்கள் பெண்டாட்டி
பேச்சியம்மாள்