பவுனுவின் வலது முழங்கால்

ஆர்.கே.புரம்
3.11.2025

அன்பு மிக்க அகல்யாவுக்கு,

மூன்றாம் மாடிச் சக்கரவர்த்தியும் உன் அத்தை பவுனுவின் கணவருமான மாணிக்கவாசகம் எழுதுவது. போனில் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் இது.

பவுனு உன் வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. "உங்ககூட இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கியவள்தான். முழங்கால் வலி ஒரு காரணமா? எங்கள் காலை நடைக் கோஷ்டியில் பன்னிரண்டு பேர். ஒன்பது பேருக்கு அதே வலி. ஜோதிலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தால் முட்டிச் சத்தம் முனிர்க்கா வரை கேட்கிறது. இந்தப் பேட்டையில் அறுபது தாண்டி, சம்மணம் போட்டு உட்காரக்கூடிய ஒருவரைக் காட்டு, டெல்லிச் செங்கோட்டையை அவர் பெயருக்கு எழுதிவைக்கிறேன். உலகத்தில் முப்பது கோடிப் பேருக்கு மேல் முழங்கால் தேய்ந்திருக்கிறதாம். அத்தனை பேரும் அண்ணன் மகள் வீட்டுக்குக் கிளம்பினால் குர்கான் தாங்குமா?

டாக்டரும் தைலம் எழுதிக்கொடுத்து, வயசானால் இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். அவளை ஜல்தி அனுப்பி வை. என் சமையலைச் சாப்பிட்டு வீட்டுப் பல்லிகள் ராஜினாமா செய்துவிட்டன.

உன் மாமா,
மாணிக்கவாசக மகாராஜா


குர்கான்
9.11.2025

மாமா,

என் தமிழ் உங்களுக்குத் தெரியும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லித் தருகிறாள். அதனால் இதில் உள்ளதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அத்தையை வேறு டாக்டரிடம் கூட்டிப்போனேன். உங்கள் பழைய சீட்டைப் படித்தார். 'லேசான வலி. முன்பு அடிபட்டதில்லை.' ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கும் அளவுக்குத்தான் அத்தைக்கு இந்தி. அன்று அவள் தமிழில் சொன்னதை இந்தியில் சொன்னது நீங்கள்.

இந்த முறை நான் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். அத்தை சுவரைப் பிடிக்காமல் எழ முடியாததை. ஆறு மாதத்தில் நாலு தடவைதான் மாடிப்படி இறங்கியதை. வயசு மட்டும் காரணமில்லை என்றார் டாக்டர். மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு மெல்ல மெல்ல மெலிந்துபோகுமாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகமாம். உடம்பு எடை, பலமில்லாத தொடைத் தசை, குடும்பவாகு எல்லாம் சேருமாம். "நிறையப் பேருக்கு வருவது என்பதால் சும்மா விடலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் வலது கால் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? பழைய அடி உண்டா?" என்று கேட்டார்.

அத்தை 1993 பஸ்ஸைச் சொன்னாள். கிட்வாய் நகர் ஸ்டாப்பில் விழுந்து மூன்று மாதம் கட்டுப் போட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், பவுனு ராக்கெட் மாதிரி குதித்தாள் என்று நீங்கள் சொல்லிச் சிரிக்க வைப்பீர்களே, அதே பஸ்.

"உங்க மாமாகூடப் போனப்பவும் இதைத்தான் சொன்னேன். அவரு டாக்டர்கிட்ட ரெண்டே வார்த்தைதான் பேசினாரு" என்கிறாள்.

அந்த ரெண்டு வார்த்தை என்ன மாமா?

25ஆம் தேதி செவ்வாய், காலை பத்து மணிக்கு, ஆபரேஷன் வேண்டுமா, பயிற்சி போதுமா என்று முடிவு சொல்கிறார்கள். அதற்குப் பிறகாவது ஆர்.கே.புரம் போவாயா என்று அத்தையைக் கேட்டேன். "கடுதாசியை முடி" என்றாள்.

அகல்யா


ஆர்.கே.புரம்
14.11.2025

அகல்யா,

'குச் நஹீ.' அதுதான் அந்த ரெண்டு வார்த்தை. ஒன்றுமில்லை என்று சொன்னேன். கொசு கடித்ததையே புலி வேட்டையாகச் சொல்கிறவன், அங்கே ஒன்றுமில்லை என்றேன்.

ஆபரேஷன் என்ற பேச்சே எனக்கு நடுக்கம். பஸ்ஸைச் சொன்னால், அவசரப்படுத்தியது யார் என்ற கேள்வி வரும். அதுவும் ஒரு நடுக்கம்.

டாக்டருக்கு இந்தியில் ஒரு தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வலி, படி, சுவர் எல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில், '1993இல் நான் ஜல்தி ஜல்தி என்று கத்தியதால் ஓடும் பஸ்ஸிலிருந்து என் மனைவி குதித்து, வலது முழங்காலில் அடிபட்டது' என்றும் எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தமிழில் சொல்லிக்காட்டு. சரியென்றால் மட்டும் டாக்டரிடம் கொடு.

மாமா


குர்கான்
18.11.2025

மாமா,

சொல்லிக்காட்டினேன். பஸ் வந்த இடத்தில் அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"குதிக்கலடி. நிக்கட்டும், நிக்கட்டும்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு முன்னாடி இறங்கிட்டாரு. பஸ்ஸு கூடவே ஓடி வந்து கையைப் பிடிச்சு இழுத்தாரு. முப்பத்திரண்டு வருஷமா குதிச்சேன்னே சொல்லிக்கிட்டு இருக்காரு. நானும் போகட்டும்னு விட்டுட்டேன்."

நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம் மாமா. என் கல்யாணப் பந்தியில்கூட. அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள்.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அகல்யா


ஆர்.கே.புரம்
20.11.2025

அகல்யா, இதை அத்தையிடம் அப்படியே கொடு.

பவுனு,

இழுத்தேன். நீ நிக்கட்டும் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

தாளைத் திருத்தி எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருப்பேன். உள்ளே அகல்யா பேசட்டும்.

மாணிக்கவாசகம்